ஹோஸ்டட் சாஃப்ட்வேர் – கலைச்சொல் வேண்டும் (ஓம்பு மென்பொருள்? வாடகை மென்பொருள்?)

அனைவருக்கும் வணக்கம்.

திருப்பூர் ஜாப் ஒர்க் (பிறர் சரக்கில் கூலிக்கு வேலை செய்துகொடுப்பது) கணக்குக்கான ஒரு மென்பொருளின் திரைச்சொற்களைத் தமிழாக்கும் வேலை நடக்கிறது. ஒரு டி-ஷர்ட் ஆர்டர் என்றால் ஏற்றுமதியாளர், நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங், பவர்டேபிள் (தையல்) என்று ஆறேழு தனி நிறுவனங்களின் கையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகிறது. இவர்கள் அவரவர் கணினியில் மென்பொருளை நிறுவுவதில்லை. ஒரே இடத்தில் நிறுவி, ஒருவர் பராமரிக்க, எல்லாரும் உலாவி வழியாகப் பயன்படுத்துகிறார்கள். இந்த ஹோஸ்டட் சாஃப்ட்வேருக்குத் தமிழில் என்ன போடலாம்?

‘மேகக் கணிமை’ பரந்த சொல். வெறும் சேமிப்பிடம் வாங்கினாலும் அது மேகம்தான். ‘சேவையாக மென்பொருள்’ வாக்கியத்தில் உட்காரவே மறுக்கிறது. ‘சேவையாக மென்பொருளின் சந்தா’ என்று ஒரு பொத்தானில் போட்டுப் பாருங்கள். ‘வாடகை மென்பொருள்’ சின்னதாக இருக்கிறது, கேட்டவுடன் புரிகிறது. என் ஓட்டு அதற்கு.

கூடவே மல்டி டெனன்ட் (ஒரே மென்பொருளைப் பல நிறுவனங்கள் தனித்தனியாகப் பயன்படுத்தும் அமைப்பு) என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘பல்குடி’ என்று ஒரு பழைய பட்டியலில் இருக்கிறது. பல்லும் குடியும்தான் கண்ணில் படுகின்றன.

அன்புடன்,
சென்னையிலிருந்து

---

வணக்கம் தம்பி.

> ‘வாடகை மென்பொருள்’ சின்னதாக இருக்கிறது, கேட்டவுடன் புரிகிறது.

புரிகிறது, ஆனால் வேறொன்று புரிகிறது. வாடகை என்பது பணம் கட்டும் முறை. சொந்தக் கணினியில் நிறுவிய மென்பொருளுக்கும் இன்று ஆண்டுச் சந்தா உண்டு. அதேபோல, ஒரு தொழிற்சங்கம் செலவை ஏற்று உறுப்பினர்களுக்கு இலவசமாக நடத்தினாலும் அது ஹோஸ்டட்தான். பணம் எப்படிப் போகிறது என்பதை விட்டுவிட்டு, பதிவு யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைச் சொல் காட்ட வேண்டும். இந்தத் தொழிலில் சிக்கல் வருவதே அங்கேதான்.

சாயப்பட்டறைக்கு 300 கிலோ கிரே (சாயமிடாத) துணி போய் 282 கிலோ திரும்பியது என்று வைத்துக்கொள்வோம். கழிவு 6 சதவீதம். பேசியது 5 என்றால் 285 கிலோ வந்திருக்க வேண்டும். அந்த 3 கிலோ எங்கே? இரண்டு எடைமேடைக்கும் வித்தியாசம் இருக்கலாம். சுற்றி வந்த பாலித்தீன் உறையை ஒருவர் கழித்திருப்பார், ஒருவர் கழித்திருக்க மாட்டார். துணியில் ஈரம் நின்றிருக்கலாம். வெள்ளைக்குப் பேசிய கழிவை அடர்நிறத்துக்கும் போட்டிருக்கலாம். ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தால் இது பில் போடும் நாளில்தான் வெளியே வரும். அதற்குள் துணி வெட்டி முடிந்திருக்கும், திரும்ப எடை போட வழியில்லை. ஒரே பதிவில் அனுப்பியவர் எடை, பெற்றவர் எடை என்று இரண்டு கட்டங்கள் இருந்து, பெற்றவர் அன்றைக்கே ‘ஒப்பு’ அழுத்தினால் தகராறு அன்றைக்கே தெரியும்.

இன்னொன்று, லாட் பிரிவது. மிஷின் கொள்ளளவுக்காக 300 கிலோவை 200, 100 என்று இரண்டு லாட்டாகச் சாயம் போட்டு இரண்டு டி.சி.யில் (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) திருப்பி அனுப்புவார்கள். திரும்பும் டி.சி. ஒவ்வொன்றிலும் முதல் டி.சி.யின் எண் இல்லாவிட்டால் ஐ.டி.சி.-04 (ஜாப் ஒர்க் சரக்குக்கான ஜி.எஸ்.டி. படிவம்) நிரப்பும்போது மாட்டிக்கொள்ள வேண்டும். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் (இயந்திரம் போன்ற மூலதனப் பொருளுக்கு மூன்றாண்டு). திரும்பியதைக் காட்ட முடியவில்லை என்றால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். துணி குடோனில் இருக்கும், தாளில் திரும்பியிருக்காது.

பணம் வருவதும் இந்த ஒப்புதலைப் பொறுத்ததுதான். குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகையை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டி நீட்டக் கூடாது என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். அந்த நாள் சரக்கு அல்லது சேவையை ஏற்ற நாளிலிருந்து ஓடுகிறது. மறுப்பு இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். எந்த நாளில் ஏற்றார்கள் என்பதற்கு, இரு தரப்பும் மாற்ற முடியாத ஒரு நேரக்குறிப்பு கிடைப்பது சின்னப் பட்டறைக்காரருக்குப் பெரிய பலம். டிரெட்ஸ் என்ற பில் நிதியளிப்புத் தளத்தில் பில்லைக் காட்டி முன்பணம் வாங்குவதற்கும் பில்லைக் கட்ட வேண்டியவரின் ஒப்புதல் வேண்டும்.

ஆகவே மூன்றாமவர் ஒருவர் எல்லாருக்குமாக வைத்துக் காக்கிறார் என்பதே இந்த மென்பொருளின் சாரம். அதற்கு நம்மிடம் வினை இருக்கிறது: ஓம்புதல். விருந்தோம்பலில் இருக்கும் அதே ஓம்பல். வலை ஓம்பல் என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள். ‘ஓம்பு மென்பொருள்’ என்று வைப்போம். பராமரிப்பவர் ஓம்புநர், அவருக்குத் தரும் தொகை ஓம்பல் கட்டணம். காக்கும்படி ஒப்படைப்பதைக் குறிக்கும் ‘ஓம்படை’ என்ற பழஞ்சொல்லும் இருக்கிறது, ஒப்பந்தத்துக்கு ‘ஓம்படை ஒப்பந்தம்’ என்றே போடலாம்.

‘வழங்கு’ என்ற வேர் வேண்டாம். சர்வர் வழங்கி, கம்பெனி வழங்குநர், சப்ளையரும் வழங்குநர். ஒரே திரையில் மூன்றும் வந்தால் யார் யாரென்றே தெரியாது.

திருப்பூரிலிருந்து

---

அனைவருக்கும் வணக்கம்.

ஓம்பு மென்பொருளுக்கு என் ஆதரவு. மல்டி டெனன்டுக்கு ஒரு கொங்குச் சொல்லை முன்வைக்கிறேன்: வளவு. ஒரே வாசல், ஒரே கிணறு, உள்ளே வரிசையாக வீடுகள், வீட்டுக்கு வீடு தனிப் பூட்டு. மல்டி டெனன்ட் என்றால் இதுதான். நிரல் ஒன்று, தரவுத்தளம் ஒன்று, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உள்ளே தனிப் பூட்டு.

அந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல் பொருந்துகிறதா என்று பார்க்க அது உதவும். வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு அட்டவணையிலும் நிறுவன எண் என்று ஒரு பத்தி இருக்கும். ஒவ்வொரு வினவலிலும் ‘இந்த நிறுவன எண்ணுக்கு மட்டும்’ என்ற நிபந்தனை இருக்க வேண்டும். எழுதியவர் ஓர் அறிக்கையில் அதை மறந்தால் போதும், ஒரு சாயப்பட்டறையின் ரேட்டு பக்கத்துப் பட்டறைக்குத் தெரிந்துவிடும். அதனால் நிபந்தனையை நிரலில் மட்டும் நம்பாமல் தரவுத்தளத்திலேயே போட வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 9.5 பதிப்பிலிருந்து வரிசை மட்டக் காவல் (எந்த வரிசையை யார் பார்க்கலாம் என்ற விதி) இருக்கிறது. இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். அட்டவணையின் உரிமையாளர் கணக்கில் செயலி உள்ளே நுழைந்தால் காவல் விதி அவரைத் தடுக்காது. தனிக் கணக்கில் நுழைய வேண்டும், அல்லது ‘ஃபோர்ஸ்’ விதியைப் போட வேண்டும். அடுத்தது, இணைப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பூலர் நடுவில் இருந்தால், முந்தைய நிறுவனத்தின் எண் அந்த இணைப்பிலேயே தங்கி அடுத்தவருக்குப் போய்விடும். எண்ணை ‘செட் லோக்கல்’ மூலம் அந்தப் பரிவர்த்தனைக்கு மட்டும் வைத்தால் முடிந்ததும் அழிந்துவிடும்.

கிணறு பொது என்பதற்காக எல்லாம் பொது ஆகிவிடாது. டி.சி. எண் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் தனியாக ஓட வேண்டும். ஜி.எஸ்.டி. விதிப்படி அது தொடர் எண்ணாக, 16 எழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். மொத்த மென்பொருளுக்கும் ஒரே எண்ணோட்டம் வைத்தால் ஒருவருக்கு 101க்குப் பிறகு 187 வரும். நடுவில் இருந்தவை எங்கே என்று தணிக்கையாளர் கேட்பார்.

சாயப்பட்டறை ஒன்றுக்குப் பல ஏற்றுமதியாளர்கள், ஏற்றுமதியாளர் ஒருவருக்குப் பல பட்டறைகள். ஆகவே ஒரு டி.சி. இரண்டு வீட்டுக்கும் சொந்தம். எடை, உருளை எண்ணிக்கை, டயா (விட்டம்), ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), நிறம், லாட் எண் இவை இரு வீட்டுக்கும் தெரியலாம். வெளிநாட்டு வாடிக்கையாளர் பெயரும் ஆர்டர் விலையும் பட்டறைக்குத் தெரியக் கூடாது. இதை ஒரே பதிவில் மறைத்துக் காட்டுவதைவிட, ஆளுக்கொரு பதிவு வைத்து இரண்டையும் இணைப்பது பாதுகாப்பு.

கூட்டாக ஒன்றை நடத்துவது திருப்பூருக்குப் புதிதல்ல. சாயக்கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை உறுப்பினர் பட்டறைகளே நிறுவனமாகச் சேர்ந்து நடத்துகின்றன. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, தனித்தனியாகத் தாக்குப்பிடிக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. மென்பொருளையும் அப்படி நடத்தினால் நிறுவுதல், பயிற்சி, பழுதுநீக்கல் என்று உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நிலையான வேலை கிடைக்கும். கட்டணமும் ஊருக்குள்ளேயே சுற்றும். அதற்கு ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் போன்ற கட்டற்ற மென்பொருளில் தொடங்குவது நல்லது. ஓம்புநரை மாற்றினாலும் நிரல் கையில் இருக்கும்.

கோவையிலிருந்து

---

வணக்கம் அண்ணை.

‘ஓம்பு மென்பொருள்’ எங்களுக்கும் பொருந்தும். ‘வளவு’ பொருந்தாது. யாழ்ப்பாணத்தில் வளவு என்றால் ஒரு வீடும் அதைச் சுற்றி வேலிக்குள் இருக்கிற காணியும். ‘எங்கட வளவு’ என்றால் அங்கே வேறு ஆளில்லை என்றுதான் அர்த்தம். நீங்கள் சொல்லுகிற பொருளுக்கு நேர் எதிர். உங்கள் கையேட்டில் ‘உங்கள் தரவு வளவில் இருக்கும்’ என்று படிக்கிற எங்கட ஆள், தனக்கென்று தனி சேர்வர் கிடைத்திருக்கிறது என்று நினைப்பார். பாதுகாப்பு விசயத்தில் இந்தத் தவறான நம்பிக்கை ஆபத்து.

‘கூட்டு வளவு’ என்று அடை சேர்த்தால் இரண்டு கரைக்கும் ஒரே பொருள்தான் வரும். உள்ளே ஒவ்வொரு நிறுவனத்தின் பங்குக்கும் ‘மனை’ என்று வைக்கலாம். அந்தச் சொல்லில் இரண்டு இடத்திலும் குழப்பமில்லை. தனி சேர்வர் வாங்குகிறவருக்குத் ‘தனி வளவு’.

யாழ்ப்பாணத்திலிருந்து

---

அனைவருக்கும் நன்றி. வாடகையைக் கைவிடுகிறேன்.

சொற்களைத் திரையில் போட்டுப் பார்த்தேன். ‘ஓம்பு மென்பொருளில் நுழைக’, ‘மனையைத் தேர்ந்தெடு’, ‘மனை நிர்வாகி’ எல்லாம் கைபேசித் திரையில் ஒரே வரியில் அடங்குகின்றன. உருபும் தடையில்லாமல் ஏறுகிறது: மனைக்கு, மனையில், மனையிலிருந்து. ‘கூட்டு வளவு’ பொத்தானில் எங்கும் வராது, கையேட்டிலும் ஒப்பந்தத்திலும்தான் வரும். நீளம் தொல்லையில்லை.

ஒன்று மட்டும் இடித்தது. நிறுவனம் விலகிப் போவதற்கு வீட்டு வழக்கை ஒட்டிக் ‘காலி செய்’ என்று வைத்திருந்தேன். ஆனால் குப்பைத்தொட்டியைக் ‘காலி செய்’ என்று ஏற்கெனவே இன்னொரு பொத்தான் இருக்கிறது. பழைய டி.சி.க்களை அழிக்கப் போனவர் மனையையே மூடிவிடக் கூடும். அதனால் விலகலை இரண்டு படியாகப் பிரித்திருக்கிறேன். முதலில் ‘தரவை எடுத்துக்கொள்’. இதில் டி.சி., எடைப் பதிவுகள், ஒப்புதல் நேரக்குறிப்புகள், மாற்ற வரலாறு நான்கும் சி.எஸ்.வி. கோப்புகளாக இறங்கும். ஒப்புதலும் வரலாறும் இல்லாமல் வெறும் எடை மட்டும் இறங்கினால் பிறகு தகராறில் அது எதற்கும் உதவாது. இறக்கிய பிறகுதான் ‘மனையை ஒப்படை’ என்ற பொத்தான் தெரியும்.

திருப்பூர் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. உறுப்பினர்களில் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவானவர்களின் கணக்கேடு இதில் இருந்தால், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் நகல் எடுக்க வேண்டும். மாற்ற வரலாற்றை அணைக்கவும் முடியக் கூடாது. 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம். கூட்டாண்மை, ஒரே உரிமையாளர் நிறுவனங்களுக்கு இந்த விதி இல்லை. ஓம்படை ஒப்பந்தத்தில் இதை எல்லா மனைக்கும் பொதுவாகவே எழுதிவிடலாமா, கம்பெனிகளுக்கு மட்டும் தனி இணைப்பாக வைக்கலாமா? எழுதிவிட்டால் ஒப்பந்த வரைவையும் சொற்பட்டியலையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
சென்னையிலிருந்து

---

எல்லா மனைக்கும் பொதுவாகவே எழுதுங்கள். பட்டறை இன்று கூட்டாண்மையாக இருக்கும், அடுத்த ஆண்டு பிரைவேட் லிமிடெட் ஆகும். அன்றைக்குப் போய்ப் பழைய ஆண்டின் மாற்ற வரலாற்றை உண்டாக்க முடியாது. நகலை வேறொரு ஊரில் வையுங்கள். மாதம் ஒரு முறை அந்த நகலிலிருந்து ஒரு மனையை மீட்டுப் பார்த்து, அதன் டி.சி. எண்ணிக்கையையும் மொத்தக் கிலோவையும் நடப்புத் தரவோடு ஒப்பிட வேண்டும் என்பதையும் ஓம்புநர் கடமையில் சேருங்கள்.

திருப்பூரிலிருந்து