லினக்ஸில் பியானோடெக்: தாமதம் குறைய ரியல்டைம் கர்னல் அவசியமா?

விரலோசை:
உபுண்டு 24.04, யூஎஸ்பி மிடி கீபோர்டு, பியானோ ஒலியைக் கணக்கிட்டு உருவாக்கும் பியானோடெக் மென்பொருள். கட்டையை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் சத்தம் வருகிறது. மெதுவான பாட்டில் சமாளிக்கலாம், வேகமாகப் போனால் கை தடுமாறுகிறது. ரியல்டைம் கர்னலும் (அவசர வேலைக்கு உடனே வழிவிடும் லினக்ஸ் மையக்கரு) ஜாக்கும் (ஒலியைக் கையாளும் சர்வர்) போடு என்கிறார் ஒரு நண்பர். உபுண்டுவில் ஏற்கெனவே இருக்கும் ஒலி சர்வரான பைப்வயரே போதும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

கர்னல்பிரியன்:
முதல் நண்பர் சொல்வதை. பஃபரை, அதாவது ஒரு தடவையில் கணக்கிடும் ஒலித் துண்டின் அளவை, குறைப்பது சுலபம், குறைத்தபின் சத்தம் வெடிக்காமல் ஓடுவதுதான் கஷ்டம். 48,000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள், அதாவது ஃபிரேம்கள்) 64 ஃபிரேம் என்றால் 1.33 மில்லிசெகண்ட். ஒலிக்கிற அத்தனை ஸ்வரங்களையும் அதற்குள் கணக்குப் போட்டாக வேண்டும். நடுவில் வைஃபை டிரைவர் பிராசஸரைப் பிடித்துக்கொண்டால் எக்ஸ்ரன்தான் (ஒலித் துண்டு நேரத்துக்குத் தயாராகாமல் போவது), காதில் ‘டிக்’ என்று கேட்கும். 2024-இல் வந்த 6.12 பதிப்பு முதல் பிரீயெம்ட் ஆர்டி என்ற ரியல்டைம் வசதி லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது, தனியாகப் பேட்ச் போடத் தேவையில்லை. அப்புறம் ஏன் தயக்கம்?

மெட்டுப்பெட்டி:
கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை. அவருக்குச் சத்தம் வெடிக்கவில்லை, தாமதமாக வருகிறது. பைப்வயரின் இயல்பான குவாண்டம் (பஃபர் அளவு) 1024 ஃபிரேம், அதாவது 21 மில்லிசெகண்ட். எந்தக் கர்னல் போட்டாலும் அந்த 21 குறையாது. குவாண்டத்தை 128 ஆக்கினால் 2.7. முதலில் அதைச் செய்யட்டும். ஹெட்போன் புளூடூத்தா என்றும் சொல்லுங்கள். அப்படியென்றால் மற்றதெல்லாம் வீண், அதிலேயே நூறு மில்லிசெகண்டுக்கு மேல் போய்விடும்.

விரலோசை:
வயர் ஹெட்போன்தான். 128 வைத்துப் பார்த்தேன், தாமதம் தெரியவே இல்லை! ஆனால் பெடலை அழுத்திக்கொண்டு கீழ்க்கட்டைகளில் பெரிய கார்டு வாசித்தால் கரகரக்கிறது. பைப்வயரின் கண்காணிப்புக் கருவியான பிடபிள்யூ-டாப்பில் பிழை எண்ணிக்கையும் ஏறுகிறது.

கர்னல்பிரியன்:
இதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

மெட்டுப்பெட்டி:
அவசரப்படாதீர்கள். பெடல் கீழே இருந்தால் பழைய ஸ்வரங்களும் அடங்காமல் ஒலிக்கும், கணக்கு கூடும். சிபியூ கவர்னர் (பிராசஸரின் வேகத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு) மின்சாரம் சேமிக்கும் பவர்சேவில் இருந்தால் வேகம் ஏறத் தாமதமாகும். பர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள். பியானோடெக்கில் பாலிஃபோனி (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரங்கள்) உச்சவரம்பையும் கொஞ்சம் குறையுங்கள்.

விரலோசை:
கவர்னரை மட்டும் மாற்றினேன், 128-இல் கரகரப்பு நின்றது. 64-இல் எப்போதாவது ஒரு ‘டிக்’.

மெட்டுப்பெட்டி:
64 எதற்கு? மிச்சமாவது 1.3 மில்லிசெகண்ட். ஸ்பீக்கரில் கேட்பவர் அதை நாற்பத்தைந்து சென்டிமீட்டர் கிட்டே இழுத்து வைத்தாலே அது கிடைத்துவிடும்.

கர்னல்பிரியன்:
நீங்கள் சராசரியைப் பார்க்கிறீர்கள், நான் மோசமான கணத்தைப் பார்க்கிறேன். வீட்டில் ஒரு ‘டிக்’ வந்தால் விட்டுவிடலாம். மேடையில், அமைதியான இடத்தில் வந்தால் மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்க்கும். 128-இல் வாசிப்பவருக்கும் ஆர்டி கர்னல் காப்புதான். புதுக் கர்னல் வேண்டாம் என்றால் கிரப்பில் (கணினியைத் துவக்கும் நிரல்) ‘பிரீயெம்ட்=ஃபுல்’, ‘த்ரெட்ஐஆர்க்யூஸ்’ என்ற கர்னல் அமைப்புகள் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இருக்கிற கர்னலிலேயே பாதித் தூரம் போய்விடலாம்.

மெட்டுப்பெட்டி:
மேடைக்கு என்றால் ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் பழகுகிறவரிடம் முதல் வேலையாகக் கர்னலை மாற்றச் சொல்வதை இப்போதும் ஏற்க மாட்டேன்.

விரலோசை:
128-இலேயே இருக்கிறேன். அடுத்த மாதம் பள்ளி விழாவில் வாசிக்க வேண்டும், அதற்கு முன் அந்த இரண்டு கிரப் வரிகளையும் சேர்த்துவிடுகிறேன். வைஃபையையும் அன்று அணைத்து வைக்கிறேன்.