வீட்டில் ஒளித்து எழுதியவர்களைப் பார்த்திருக்கிறீர்களா?

மலர்_திருச்சி:
போன பொங்கலுக்குப் பரண் ஒழித்தபோது அம்மாவின் பழைய பால் கணக்கு நோட்டு கிடைத்தது. முன்பக்கமெல்லாம் அரை லிட்டர், ஒரு லிட்டர். திருப்பினால் பென்சிலில் பொடி எழுத்து: "இன்னைக்கும் யாரும் கேக்கலை. நானும் சொல்லலை." அடுத்த வரிக்குப் போவதற்குள் அம்மா வந்து வாங்கிக்கொண்டார். "வெறும் கணக்குடி." சாயங்காலம் வெந்நீர் அடுப்பில் ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் போட்டார். பக்கத்திலேயே நின்றேன், வாய் திறக்கவில்லை. யார் எதைக் கேட்கவில்லை என்று இன்றுவரை தெரியாது.

கண்மணி:
நீங்கள் பிடுங்கி வைத்திருக்க வேண்டும் மலர். கவிஞர் சல்மா கதை தெரியும்தானே? துவரங்குறிச்சியில் 13 வயதில் பள்ளியை நிறுத்திவிட்டார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் கழிப்பறைக்குள் நின்று எழுதினார். அந்தத் தாள்களை அவர் அம்மா ரகசியமாக வெளியே கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் 2000-ல் முதல் தொகுப்பு ஏது? அவருடைய 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யை என் நாத்தனாருக்குக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து, செய்தித்தாள் சுற்றி மஞ்சள் பையில் திரும்பி வந்தது. ஒரு பக்கத்தின் முனை மட்டும் மடித்திருந்தது. எந்த வரிக்காக என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அலமேலு:
பிடுங்குவதா? சல்மா தானாகக் கொடுத்தனுப்பினார். மலரின் அம்மா கொடுக்கவில்லை. இரண்டும் ஒன்றா? எழுதியவருக்கு எரிக்கவும் உரிமை உண்டு.

என் பெரியம்மா அடுக்களைச் சுவரில் கரியால் இரண்டு வரி எழுதியிருந்தார். தீபாவளிக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்.

மலர், அம்மாவிடம் பழைய நோட்டைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். புதுசாக ஒன்று வாங்கி, பென்சிலோடு அவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். எதற்கு என்றால் பால் கணக்குக்கு என்று சொல்லுங்கள். அவர் இல்லாத நேரத்தில் திறக்கவே கூடாது, வீட்டில் வேறு யாரையும் தொடவும் விடாதீர்கள். வயதாகிவிட்டதே என்றும் நினைக்காதீர்கள். வங்காளத்தில் ராசசுந்தரி தேவி, பெண் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றிருந்த காலத்தில், சமையலறையில் ஓர் ஏட்டை ஒளித்துவைத்து எழுத்துக் கூட்டியவர். 1876-ல் அவர் சுயசரிதை வந்தபோது வயது 60-க்கு மேல்.

மலர்_திருச்சி:
வாங்கி வைத்தேன் அக்கா. "பாக்கெட் பாலுக்கு எதுக்குடி கணக்கு?" என்றார். நோட்டைத் திருப்பித் தரவில்லை.