ஃப்ரீஸ் பிராண்டிங்: உறைகுறியா, நரைக்குறியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கடுங்குளிர் அச்சை அழுத்திக் குதிரைகளுக்கு அடையாளம் போடும் முறை ஃப்ரீஸ் பிராண்டிங். அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்விக்கு இதுவரை ‘குளிர்ச்சூடு’, ‘உறைகுறி’ என இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டுமே எனக்கு நிறைவாக இல்லை.

‘குளிர்ச்சூடு’ என்றதும் கேட்பவருக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்புதான் நினைவுக்கு வரும். அந்த இரும்பை விடுவதற்காகத்தானே இந்த முறையே வந்தது? ‘உறைகுறி’யில் வேறு சிக்கல். உறை என்றால் தலையணை உறையும் உண்டு, கடித உறையும் உண்டு. விளக்கம் சொல்லாமல் அந்தச் சொல் நிற்காது.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானாகக் கிடைக்கிறது. 1966-இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கீத் ஃபாரெல் உருவாக்கிய முறை இது. முடியை ஒட்டக் கத்தரித்து, ஆல்கஹால் தடவி, திரவ நைட்ரஜனில் (மைனஸ் 196 டிகிரி செல்சியஸ்) தோய்த்தெடுத்த செம்பு அச்சைச் சில நொடிகள் தோலில் அழுத்துகிறார்கள். முடிக்கு நிறம் தரும் செல்கள் அந்தக் குளிரில் செத்துவிடுகின்றன. முடி வேர் பிழைத்துக்கொள்கிறது. அப்புறம் அந்த இடத்தில் முளைப்பதெல்லாம் வெள்ளை முடி.

நிறமிழந்த முடிக்குத் தமிழில் பெயர் நரை. ஆகவே என் பரிந்துரை ‘நரைக்குறி’. கருங்குதிரையின் கழுத்தில் கண்ணுக்குத் தெரிவதை அப்படியே சொல்கிற சொல் இது. நரைக்குறி இடுதல், நரைக்குறி அச்சு என்று நீட்டவும் வசதி.

ஒரு தடை வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக் குதிரையில் வெள்ளை முடி தெரியாது. அதனால் அச்சைக் கூடுதல் நேரம் அழுத்தி முடி வேரையே அழிக்கிறார்கள். அங்கே தெரிவது நரை இல்லை, முடியற்ற தோல். ஆனாலும் செய்முறை ஒன்றுதான். பெரும்பான்மைக்குப் பொருந்தும் பெயர் இதற்கும் ஆகி வரலாம் என்பது என் எண்ணம்.

குதிரைக்கு அடையாளம் இடும் மற்ற முறைகளுக்குப் புதுச்சொல்லே வேண்டாம். காய்ச்சிய இரும்பால் இடுவதை இலங்கையில் ‘குறிசுடுதல்’ என்பார்கள். மாட்டுக்குச் சொல்வது குதிரைக்கும் ஆகும். பந்தயக் குதிரைகளின் மேலுதட்டின் உட்புறம் எண் பொறிப்பதற்கு ‘உதட்டுப் பச்சை’ போதும்.

மைக்ரோசிப்பைக் ‘குறி’ என்ற சொல்லுக்குள் அடக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அரிசி மணியளவு சில்லு, பதினைந்து இலக்க எண், கழுத்துத் தசைநாருக்குள் போய்விடுகிறது. 2020 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட எல்லாக் குதிரைகளுக்கும் அது கட்டாயம். உரிமையாளரைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் திருட வருபவன் கண்ணுக்கு அது தெரியாது. நரைக்குறி தூரத்திலிருந்தே தெரியும், சந்தையில் வாங்க வருபவனும் யோசிப்பான். அமெரிக்க நில மேலாண்மைத் துறை பிடித்துவரும் காட்டுக் குதிரைகளுக்குக் கழுத்தின் இடப்பக்கம் எண்களைக் குறிக்கும் கோணக் குறியீடுகளாக நரைக்குறி இடுகிறது. பின்னால் யாரும் எளிதில் திருத்த முடியாத வடிவம் அது. இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும்: கண்ணுக்குத் தெரிவது ‘குறி’, சில்லையும் சேர்த்துச் சொல்ல ‘நிலை அடையாளம்’, அதாவது அழியாமல் நிலைத்திருக்கும் அடையாளம்.

கால்நடை மருத்துவர்கள் யாராவது, வெள்ளைக் குதிரைக்கும் ‘நரைக்குறி’ என்று எழுதினால் பதிவேட்டில் குழப்பம் வருமா என்று சொல்லுங்கள். வரும் என்றால் அதற்குத் தனிச்சொல் தேடுவோம்.