தேசி இலையில் வெள்ளிக்கோடு: நீங்கள் நேரில் கண்டது என்ன?

உப்புவெளியிலிருந்து:
மாரி மழைக்குப்பின் எங்கள் தேசி மரம் கொழுந்து விடும்போதெல்லாம் இளம் இலைகளில் தோன்றும் நெளிந்த வெள்ளிக்கோடுகளை, நத்தை ஊர்ந்த தடம் என்று நம்பி இரண்டு ஆண்டுகளாக ஈரத்துணியால் துடைத்து வந்தேன். ஒரு கோடும் அழியவில்லை. கடந்த தை மாதம், ஓரம் மடிந்திருந்த ஓர் இலையைப் போத்தலில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தேன். ஐந்தாம் நாள் காலை போத்தலின் உட்புறத்தில் வெள்ளித் தூசு ஒன்று ஒட்டியிருந்தது. துடைக்கக் கை நீட்டினேன், அது நடந்தது. உருப்பெருக்கியின் கீழ், சுமார் 2 மில்லிமீற்றர் நீள அந்துப்பூச்சி, வெண்சிறகின் நுனியில் மை தொட்டு வைத்தாற்போல் ஒரு கரும்புள்ளி. நான் துணியால் தேய்த்தபோதெல்லாம் இதன் புழு இலைத்தோலுக்கு அடியில் இருந்திருக்கிறது என்பது இன்னும் மனதை உறுத்துகிறது.

தம்பலகாமத்திலிருந்து:
எங்கள் தக்காளி இலையிலும் இப்படிக் கோடுகள் இருந்தன. அதையும் போத்தலில் அடைத்தேன். புழு இலையை விட்டு வெளியேறி அடியில் விழுந்து கூடாகியது. வந்தது மஞ்சளும் கறுப்புமான ஒரு சிறிய ஈ. ஆகவே கோட்டைக் கண்டதும் அந்துப்பூச்சி என்று முடிவுகட்டுவதை நான் ஏற்கவில்லை.

சாம்பல்தீவிலிருந்து:
மேலே முதலில் எழுதியவர் தேசியைப் பற்றி மட்டுமே எழுதினார். தக்காளியைக் கொண்டு அவரை மறுப்பது பொருந்தாது. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தேசியில், புழு இலைத்தோலுக்கு அடியில் குடைந்து சென்ற சுரங்கத்தின் நடுவே அதன் எச்சம் தொடர்ந்த கருங்கோடாகத் தெரியும். கூட்டுப்புழுவும் இலையோர மடிப்புக்குள்ளேயே இருக்கும். 1856இல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஸ்டெயின்டன் கல்கத்தாவில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு ஃபில்லொக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்ற அறிவியற்பெயரில் விவரித்த அந்துப்பூச்சி இதுவே. அமெரிக்காவின் புளோரிடாவுக்கு இது 1993இல்தான் போய்ச் சேர்ந்தது.

என் அனுபவம் சிறியது: கோடு விழுந்த இலைகளையெல்லாம் வெட்டினேன், மரம் புதுக் கொழுந்து விட்டது, அதிலும் கோடுகள் வந்தன. ஆகையால் வெட்டாதீர்கள். பூச்சி முட்டையிடுவது கொழுந்தில்தான். முற்றிய இலையை அது நாடுவதில்லை. நைதரசன் உரத்தை அளவுக்கு மீறி இட்டுத் தளிரைத் தூண்டாதீர்கள். வளர்ந்த மரம் இந்தச் சேதத்தைத் தாங்கிக்கொள்ளும். அதற்குப் பீடைநாசினி தெளித்தால், புழுக்களைக் கொல்லும் சிறு ஒட்டுண்ணிக் குளவிகளும் சேர்ந்து அழியும். நாற்றுகளுக்கு மட்டும், கொழுந்து விடும் நாட்களில் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிக்கலாம். மழை நாட்களில் அந்தக் கோடுகளை ஒட்டித் தடித்த பழுப்புப் புள்ளிகள் எழுந்தால், சுரங்கக் காயத்தின் வழியே சொறிநோய்ப் பற்றீரியா புகுந்திருக்கக்கூடும். அத்தகைய இலையை விவசாயப் போதனாசிரியரிடம் தாமதியாமல் காட்டுங்கள்.