மறுமொழி: ‘ஃபேட் குவார்ட்டர்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

கனடாவில், ஸ்கார்பரோவில் எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பெண்களுக்கு வார இறுதியில் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். ஊரில் சட்டை தைத்துப் பழகிய கை, வேலை ஓடும். இங்குள்ள கடைச் சாமான்களின் பெயர்தான் பிடிபடாது. கால் கஜத் துணியை நீளப் பட்டையாக இல்லாமல் அகலமான துண்டாக வெட்டி விற்பார்கள், அதற்கு ‘ஃபேட் குவார்ட்டர்’ என்று பெயர். செப்டம்பர் பிறந்தால் சின்னத் தையல் கடைகளில் மேப்பிள் இலை, பூசணி, அணில் என்று பூத்தையல் பொதிகளாக அடுக்கிவிடுவார்கள். அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை இங்கே நன்றி நவிலல் நாள். அதற்கு மேசை விரிப்பு தைப்பதாக இருக்கிறோம். கூடவே ஒரு தமிழ்க் குறிப்பேடும் எழுதுகிறேன். என் பட்டியல் இதோ, திருத்தித் தாருங்கள்:

ஃபேட் குவார்ட்டர் – அகலக்கால்
ஸ்கீன் – நூற்கண்டு
ஸ்ட்ராண்ட் – புரி
ஐடா – கட்டத்துணி
பேட்டிங் – பஞ்சு
ரஸ்ட் கலர் – துரு நிறம்

– ஸ்கார்பரோவிலிருந்து

*

அம்மா, வணக்கம்.

> ஃபேட் குவார்ட்டர் – அகலக்கால்

‘கொழுத்த கால்’ என்று எழுதாமல் விட்டீர்களே, அதற்கே நன்றி. ஆனால் அகலக்கால் என்றதும் ‘வைக்காதே’ என்றுதான் வாய் முடிக்கும். முதல் வகுப்பிலேயே அகலக்கால் வாங்கி வாருங்கள் என்றால் கடன் வாங்கச் சொல்வது போல இருக்கும்.

பெயரை விட்டுவிட்டு வெட்டுமேசையைப் பார்ப்போம். ஒட்டுத்தையலுக்கான (துண்டுத் துணிகளை இணைத்துத் தைப்பது) பருத்தித் துணி ஏறக்குறைய 44 அங்குல அகலம். சுருளில் அது நீளவாக்கில் இரண்டாக மடிந்தே வருகிறது. கால் கஜம் கேட்டால் கடைக்காரர் 9 அங்குலம் அளந்து குறுக்கே வெட்டுவார். கைக்கு வருவது 9-க்கு 44, ஒரு நீளப் பட்டை. அதில் பூத்தையலுக்குத் துணியை இறுக்கிப் பிடிக்கும் எட்டு அங்குல வளையத்தை மாட்டிப் பாருங்கள். வளையத்துக்கு வெளியே பிடித்து இழுக்கத் துணியே இருக்காது. அதனால்தான் வேறு மாதிரி வெட்டுகிறார்கள். முதலில் அரை கஜம், அதாவது 18 அங்குலம். அப்புறம் அதை நடுமடிப்போடு கத்தரித்து இரண்டாக்குவது. இப்போது 18-க்கு 22. பரப்பு பட்டையில் இருந்த அதே 396 சதுர அங்குலம்தான், ஒரு நூல்கூடக் கூடவில்லை. ஆனால் இதில் மேப்பிள் இலையைப் பெரிதாக, முழுசாக வெட்டலாம், வளையமும் வசதியாக உட்காரும். மெட்ரிக் கணக்கில் விற்கும் கடைகளில் இது 50-க்கு 55 செ.மீ. வரும்.

ஆக, இந்தத் துண்டுக்குக் ‘கொழுப்பு’ ஒன்றும் இல்லை. கத்தரி மடிப்பில் போனதுதான் இதன் குணம். பெயர் அதைச் சொன்னால் போதும். ‘மடிக்கால்’ என்று முதலில் தோன்றியது. சம்மணம் போட்டு உட்காரச் சொன்ன மாதிரி இருக்கிறது. ‘கால்சவுக்கம்’ என்றும் யோசித்தேன். கைச்சவுக்கம் கைதுடைக்க என்றால் இது கால்துடைக்க என்று ஆகிவிடும். நம் பின்னங்களோடு இதே தொல்லை: கால், அரை எல்லாம் உடம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் காலையே விட்டுவிட்டு, சந்தையில் கூறு போடுகிறோமே அந்தக் கூற்றை எடுத்தேன். மடிப்பில் வெட்டிய கூறு: *மடிக்கூறு*.

‘பிட்டு’ என்று சொன்னால் என்ன என்று இங்கே ஒருவர் கேட்பார், தெரியும். கூடாது. எங்கள் ஈரோட்டில் பிட்டு என்றால் வெட்டி மிஞ்சியது, கிலோக் கணக்கில் அள்ளுவது. மடிக்கூறு புதுச் சுருளிலிருந்து அளந்து வெட்டுவது. பிட்டு விலைக்குக் கேட்டால் கடைக்காரருக்குக் கோபம் வரும்.

> ஸ்கீன் – நூற்கண்டு

கண்டு என்றால் உருட்டிச் சுற்றியது. இது பூத்தையல் நூலைத் தளர்வாக மடித்து, நடுவில் காகிதப் பட்டை போட்டு வருவது. நெசவாளர்கள் இப்படி வருவதைச் சிட்டம் என்பார்கள். பருத்திச் சிட்டம் ஒன்று 840 கஜம், உங்களுடையதோ வெறும் 8 மீட்டர். அதனால் *சிறுசிட்டம்* என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கர், டிஎம்சி என்ற இரண்டு கம்பெனி நூலுக்கும் பொருந்தும்.

> ஸ்ட்ராண்ட் – புரி

இதில் கொஞ்சம் கவனம் வேண்டும். சிறுசிட்டத்து நூலைப் பிரித்தால் ஆறு தனி நூல் வரும். அதில் ஒன்றை விரலில் எதிர்ப்பக்கம் முறுக்கிப் பாருங்கள், அதுவும் இரண்டாகப் பிரியும். இந்தக் கடைசி இரண்டுதான் புரி. ஆறும் *இழை*. குழப்பினால், ‘இரண்டு புரி கோத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதுவீர்கள், யாராவது ஒருவர் ஒற்றை இழையோடு உட்கார்ந்து பூசணியைத் தைத்துக்கொண்டிருப்பார். இழையை ஒவ்வொன்றாக உருவி எடுத்து மறுபடி சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டாகச் சேர்த்து இழுத்தால் சிக்கல்தான்.

> ஐடா – கட்டத்துணி

வேண்டாம். கட்டம் போட்ட லுங்கித் துணியை எடுத்து வந்துவிடுவார்கள். ஐடா என்பது எண்ணித் தைப்பதற்காகச் சிறு சிறு சதுரமாக நெய்த துணியின் பெயர்தான், அப்படியே இருக்கட்டும். ‘பதினாலு கட்ட ஐடா’ என்றால் அங்குலத்துக்குப் பதினான்கு கட்டம் என்று தானே விளங்கும். எண்ணித் தைப்பது நமக்குப் புதிதும் இல்லை. நீலகிரியில் தோடர் பெண்கள் புகூர் என்னும் தங்கள் பூத்தையலைத் தைப்பது அச்சடித்த கோலத்தைப் பார்த்தல்ல, வெள்ளைத் துணியின் இழையை எண்ணித்தான். கறுப்பும் சிவப்புமாக, வளையம்கூட இல்லாமல். அதற்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வகுப்பில் ஒரு படம் காட்டுங்கள்.

> பேட்டிங் – பஞ்சு

பஞ்சு என்றால் தலையணைக்குள் திணிப்பது. இது மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே விரிக்கிற பரப்பு. *இடைப்பஞ்சு*?

> ரஸ்ட் கலர் – துரு நிறம்

துருவை யார் மேசையில் விரிப்பார்? புடவைக் கடையில் விற்பனையாளர் வாயில் இல்லாத இலையுதிர்கால நிறமே கிடையாது. அரக்கு, பாக்கு, காவி, கடுகு, மாம்பழ மஞ்சள், காப்பிக்கொட்டை. உங்கள் பெண்களுக்கு இவை கண்ணிலேயே இருக்கும். ரஸ்ட் என்பது செங்கல்லுக்கும் காவிக்கும் நடுவில் ஏதோ ஒன்று, நான் *செங்காவி* என்பேன்.

– ஈரோட்டிலிருந்து

*

ஐயா, மடிக்கூற்றில் எனக்கு இரண்டு தடை.

ஒன்று, ‘கூறு’ என்றால் சொல் என்றும் பொருள். போதாததற்குக் ‘கூறுகெட்ட’ என்ற வசவு வேறு பக்கத்திலேயே நிற்கிறது. இரண்டு, ‘கஜம்’ என்று விளக்கினீர்கள். எங்கள் ஊரில் கஜத்துக்கு ‘யார்’ என்றுதான் பெயர், துணியும் ‘யார்’ கணக்கு. இரண்டு யார், மூன்று யார் என்றுதான் கேட்போம். ஸ்கார்பரோவில் பாதிப் பேருக்கு அதுதான் பழக்கம்.

‘மடிவெட்டு’ என்றால் சுருக்கமாக இருக்காதா? இடைப்பஞ்சு நல்ல சொல், எடுத்துக்கொள்கிறேன். ஒட்டுத்தையல் போர்வைக்குக் ‘கந்தை’ என்று வைக்கலாம் என்று முன்பு ஒருவர் இங்கே எழுதியிருந்தார். வங்காளத்துக் காந்தா என்ற போர்வைத் தையலின் பெயரும் நம் கந்தையும் ஒரே வேர் என்பது சரி. ஆனாலும் இராப்பகலாகத் தைத்ததைக் கந்தை என்று யாருக்கும் பரிசு கொடுக்க முடியாது.

– யாழ்ப்பாணத்திலிருந்து

*

அக்கா, ‘மடிவெட்டு’ என்பதை வேகமாக ஒரு முறை சொல்லிப் பாருங்கள். சலூனுக்குத்தான் போவோம்.

கூறு என்பதற்குச் சொல் என்ற பொருள் இருப்பது உண்மை. ஆனால் அது ஏவலாக வரும்போது. ‘ஆறு மடிக்கூறு கொண்ட கட்டு’ என்பதில் யாருக்கும் அந்தக் குழப்பம் வராது. வசவைப் பொறுத்தவரை, கூறுகெட்டது கெட்ட கூறு, இது நல்ல கூறு. ‘யார்’ கட்டாயம் சேர வேண்டியதுதான். கஜம் வரும் இடத்திலெல்லாம் ‘கஜம் அல்லது யார்’ என்று போடுங்கள் அம்மா. கடையிலேயே மீட்டர் என்றால் மீட்டரையும் சேர்த்துவிடுங்கள்.

– ஈரோட்டிலிருந்து

*

எல்லோருக்கும் நன்றி.

மடிக்கூறு, சிறுசிட்டம், இழை, இடைப்பஞ்சு, செங்காவி ஐந்தையும் எடுத்துக்கொண்டேன். ஐடா ஐடாவாகவே இருக்கும். ஒரு மாற்றம் மட்டும்: ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே ஆங்கிலப் பெயரையும் தமிழ் எழுத்தில் போடுகிறேன். இவர்கள் கடைக்குத் தனியாகப் போவார்கள், கல்லாவில் நிற்கும் பெண்ணிடம் ‘ஃபேட் குவார்ட்டர்’ என்று கேட்டால்தான் துணி வரும். தமிழ்ச் சொல் எங்களுக்குள், வெட்டும்போதும் தைக்கும்போதும்.

வளையத்துக்கு யாரும் மாற்றுச் சொல்லவில்லை, அதனால் வளையம்தான். அடுத்ததாக, துணிக்கு அடியில் ஒட்டித் தைத்துவிட்டுத் தண்ணீரில் கரைத்துவிடும் ‘ஸ்டெபிலைசர்’ இருக்கிறது. பக்ரம், கேன்வாஸ் என்று தொடங்காதீர்கள், அவை கரையாது. ஒரு துண்டைக் கரைத்துப் படம் எடுத்து அனுப்புகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

– ஸ்கார்பரோவிலிருந்து