உரம், மருந்தை நிறுத்திய பிறகு வீட்டுக் கணக்கில் என்ன மாறியது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

விளைச்சல் கூடுமா குறையுமா என்ற சண்டையை விடுங்கள், அது எல்லா இடத்திலும் நடக்கிறது. யாருக்கு வேலை கூடியது, யாருடைய கடன் குறைந்தது, யாரோடு பேச்சுவார்த்தை நின்றது என்று நேரில் பார்த்தவர்கள் எழுதினால் புதிதாக இறங்குகிறவர்களுக்கு உதவும். நானே ஆரம்பிக்கிறேன்.

என் பெரியப்பா மகன் உரம், பூச்சிமருந்து எல்லாவற்றையும் ஒரே கடையில் கடனுக்கு வாங்குவார். அறுவடை முடிந்ததும் விளைந்ததை அந்தக் கடைக்காரரே எடுத்துக்கொண்டு கணக்கை நேர்செய்வார், எடையும் விலையும் அவர் சொல்வதுதான். இயற்கை முறைக்கு மாறப் போகிறேன் என்று அண்ணன் சொன்னதும் கடைக்காரர் பழைய பாக்கியை மொத்தமாகக் கேட்டுவிட்டார். கறவை மாட்டை விற்றுத்தான் அடைத்தார்கள், சாணம் தேவைப்படுகிற நேரத்தில் மாட்டை விற்ற கொடுமை வேறு. ஆனால் அடுத்த அறுவடையை நாலு பேரிடம் விலை கேட்டு விற்க முடிந்தது, அதற்கு முன்னால் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. சரி, இதோடு முடிந்தால் நல்ல கதை. அந்தக் கடைக்காரர்தான் அவசரத்துக்குக் கைமாற்றும் கொடுத்துவந்தவர். அண்ணிக்கு ஆபரேஷன் என்று வந்தபோது கேட்க ஆள் இல்லை. உரச்செலவு மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்?

* * *

நான் மருமகளாக வந்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். களைக்கொல்லி அடிப்பதை நிறுத்துவது என்று முடிவெடுத்தது ஆண்கள், குனிந்து களை எடுத்தது நானும் என் மாமியாரும். மூடாக்குப் போட்டால் களை அடங்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தச் சருகையும் தழையையும் சுமந்து வந்து பரப்புவது யார்? வீட்டுக்காரர் நோட்டில் "ஆள் கூலி: இல்லை" என்று எழுதி, செலவே இல்லாத விவசாயம் என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். 2015-இல் வெளியான ஒரு ஆய்வு, ஐந்து கண்டங்களில் 55 பயிர்களை வைத்து ஒப்பிட்டது. அதன்படி இயற்கை முறையில் கூலிச் செலவு 7 முதல் 13 சதவீதம் கூடுதல். இயற்கை விளைபொருள் என்பதற்காகக் கூடுதல் விலை கிடைத்த இடங்களில் லாபம் 22 முதல் 35 சதவீதம் அதிகமாக வந்திருக்கிறது, அந்த விலை கிடைக்காவிட்டால் லாபம் வழக்கமான விவசாயத்தைவிடக் குறைவு. எங்கள் வேலைக்கும் கூலி போட்டு எழுதச் சொன்னேன், ஒரு போகம் முழுக்கச் சண்டை. எழுதிப் பார்த்ததும் களை எடுக்க வெளியாட்களைக் கூப்பிட ஒத்துக்கொண்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊடுபயிர், பயறு, காய்கறி என்று கலந்து போட்ட பிறகு எங்கள் நிலத்தில் வேலை வருடம் முழுக்கப் பரவலாக இருக்கிறது. முன்பு நடவுக்கும் அறுப்புக்கும் மட்டும் வந்துபோனவர்களுக்கு இடைப்பட்ட மாதங்களிலும் கூலி கிடைக்கிறது. இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

* * *

சொந்த நிலம் உள்ளவர்கள் பேசுவது எனக்குக் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கிறது. நான் குத்தகைக்காரன். உரத்துக்காகவே வளர்க்கும் பசுந்தாள் செடிகளை விதைத்து மடக்கி உழுது, தொழு உரம் கொட்டி, மண் பொலபொலவென்று ஆனதும் நிலத்துக்காரர் "இனி நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றார். மண்ணுக்குப் போட்ட பணத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போக முடியுமா? இப்போது வேறு நிலத்தில் இருக்கிறேன், அந்தப் போகத்திலேயே திரும்பி வராத எதையும் மண்ணில் போடுவதில்லை. யாராவது இதற்கு வழி கண்டிருந்தால் சொல்லுங்கள்.

* * *

எனக்கு நேரடி அனுபவம் குறைவு, ஆனால் "எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால்தான் மாற்றம்" என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்கு அடித்துக்கொண்டிருந்த 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது, அப்புறம் சில வருடங்களில் மருந்துக்கான மானியத்தையும் எடுத்தது. நெல் உற்பத்தி சரியவில்லை. காரணம், நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைத் தின்னும் சிலந்திகளை அந்த மருந்துகளே கொன்றுகொண்டிருந்தன. வயலில் இறங்கிப் பூச்சியை அடையாளம் காண விவசாயிகளுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். இலங்கையில் 2021-இல் ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தினார்கள். பயிருக்குப் போன சத்தையே நிறுத்திவிட்டு, அதற்கு ஈடாகப் போடத் தழையும் சாணமும் அந்த அளவுக்கு இல்லாமல் போனால் என்ன ஆகும்? நெல்லும் தேயிலையும் அடி வாங்கின, நவம்பரிலேயே பின்வாங்க வேண்டியதாயிற்று. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள்.

* * *

மருந்தடிக்கும் பக்கத்து வயலை ஒட்டி இருக்கிறவர்கள் யாராவது உண்டா? அவர் அடிப்பது காற்றில் வருகிறது, அதைத் தடுக்க ஓரத்தில் இடம் விட வேண்டியது நான். சின்ன நிலத்தில் அந்த ஓரமே பெரிய பங்கு.

* * *

ஓரம் விடும் பிரச்சினை எங்களுக்கும் உண்டு, உயிர்வேலி போட்டுச் சமாளிக்கிறோம். எங்களைச் சோர்வடைய வைத்தது இயற்கை விவசாயச் சான்றிதழ்தான். ஐரோப்பிய விதிப்படி ஒருபோகப் பயிருக்கே இரண்டு வருடம் மாறுதல் காலம், அமெரிக்காவில் மூன்று. அந்தக் காலத்தில் செலவும் உழைப்பும் இயற்கை முறைக்கானது, விலை மட்டும் சாதாரண விலை. அதனால் நாங்கள் ஒருவர் வயலை ஒருவர் பார்வையிட்டு உத்தரவாதம் தரும் பங்கேற்பு முறைக்குப் போனோம். பணம் மிச்சமாயிற்று, உறவுதான் சிக்கலாயிற்று. ஒருவர் ராத்திரியில் யூரியா போட்டதைக் கண்டுபிடித்தது அவருடைய மைத்துனர், அவரே எழுந்து கூட்டத்தில் சொல்ல வேண்டியிருந்தது. யூரியா போட்டவரை அந்தப் போகத்துக்கு விலக்கி வைத்தோம், இரண்டு குடும்பமும் இன்னும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

குத்தகை பற்றிக் கேட்டவருக்கு: எங்கள் குழுவில் ஒருவர் ஐந்து வருடத்துக்கு எழுத்தில் வாங்கியிருக்கிறார். இடையில் நிலத்தைத் திருப்பிக் கேட்டால் எரு, பசுந்தாள் செலவை நிலத்துக்காரர் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். முதலில் அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை, வரப்பு மரங்களின் வருமானம் முழுக்க உங்களுக்கே என்று சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.