'புரூக்ஸ்' கப்பல் படம்: அசலா, பிற்கால நகலா?

வணக்கம். லண்டனில் படிக்கும் அக்கா மகன் பழைய கடை ஒன்றில் வாங்கி அனுப்பிய அச்சுப்படம் பற்றி உங்கள் உதவி வேண்டும். லிவர்பூலைச் சேர்ந்த 'புரூக்ஸ்' என்ற அடிமைக் கப்பலில் ஆட்களை எப்படி நெருக்கி அடுக்கினார்கள் என்று காட்டும் படம் அது. 1788 இறுதியில் பிளைமவுத்திலும், மறு ஆண்டு லண்டனில் ஜேம்ஸ் பிலிப்ஸ் அச்சகத்திலும் வெளிவந்ததே, அதுதான்.

படத்தில் ஓர் ஆணுக்கு ஒதுக்கிய இடம் ஆறடி நீளம், 16 அங்குல அகலம். கப்பல் வளையும் முனையில்கூட ஆட்களை அடுக்கியிருக்கிறார்கள். அடிமைக் கப்பல்களில் ஏற்றும் ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்த 1788-ஆம் ஆண்டு பிரிட்டன் சட்டப்படி இதில் 454 பேரை ஏற்றலாம் என்றிருந்தது. அதற்கு முன் ஒரு பயணத்தில் 609 பேரை ஏற்றியிருக்கிறார்கள். உருவங்களை எண்ணத் தொடங்கி, நூறைத் தாண்டியதும் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டேன்.

பூதக்கண்ணாடியில் இக்கால அச்சில் வரும் நுண்புள்ளிகள் தெரியவில்லை, கோடுகள் முழுமையாக இருக்கின்றன. ஆகவே இக்கால ஆஃப்செட் நகல் அல்ல. ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் காகிதத்தில் கம்பி வரிகளும் (பழைய காகிதம் செய்யும் கம்பிச் சட்டம் விடும் தடங்கள்) இல்லை, காகிதம் செய்தவரின் அடையாளமான நீர்க்குறியும் இல்லை. ஓரங்களை யாரோ வெட்டியிருப்பதால் அச்சுத்தகட்டின் விளிம்பு காகிதத்தில் அழுந்திய தடம் இருந்ததா என்றும் சொல்ல முடியவில்லை. அவன் கொடுத்த விலையைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம்தான்!

பத்தொன்பதாம் நூற்றாண்டு மறுபதிப்பாக இருக்குமா? பழைய காகிதம், அச்சு பற்றித் தெரிந்தவர்கள் வேறு எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். எங்கள் பள்ளிக் கண்காட்சியில் வைக்கப்போகிறேன். குறிப்பட்டையில் தவறான ஆண்டை எழுத மனமில்லை. படங்களைக் கீழே இணைத்திருக்கிறேன்.